எல்லைச் சாலை – 14: உதியன்குளங்கரைக் காசும் லண்டன் கேஷும்

சென்ற இதழில் முஞ்சிறைப் பக்கத்துப் பார்த்திவசேகரபுரம் கல்விச்சாலையின் செப்பேட்டைப் படித்தோம். கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 95 சட்டர் (மாணவர்) தங்கிப் படிக்க வழிசெய்த கதை அது. அரசர்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்த்தாயிற்று. இந்த வாரம், அதே மண்ணில் சாதாரண மக்கள் மடியில் முடிந்து வைத்திருந்ததைப் பார்ப்போம்.

களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவே இருக்கிறது உதியன்குளங்கரை. இங்கே சாலையோரக் கடைகளில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். பேச்சில் எத்தனை சொற்கள் மாறினாலும் கொடுக்கல் வாங்கலில் ஒரு சொல் மாறுவதில்லை. அது காசு. மலையாளத்துக்காரர் சொல்லும்போது அதன் நடு எழுத்து சற்று அழுந்தி, ஏறக்குறைய ‘காஷ்’ என்றே காதில் விழும். பக்கத்திலேயே வங்கியின் ‘கேஷ் கவுண்டர்’ பலகை. இரண்டையும் சேர்த்துக் கேட்பவருக்கு ஓர் எண்ணம் தோன்றுவது இயல்பு: நம் காசைத்தான் வெள்ளைக்காரன் கேஷ் ஆக்கிக்கொண்டான்.

இந்த எண்ணம் மேடைகளிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் நெடுங்காலமாக உலவுகிறது. அதற்குச் சான்று காட்டுகிறேன் என்று ஒருவர் திருவிதாங்கூர் நாணயத்தையே எடுத்து நீட்டலாம். 20-ஆம் நூற்றாண்டில் சமஸ்தானம் அடித்த செம்பு நாணயங்களில் சங்கு முத்திரையைக் காணலாம்; மதிப்பை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பொறித்திருப்பார்கள். மலையாளத்தில் காசு, ஆங்கிலத்தில் கேஷ். ஒரு காசு, நான்கு காசு, எட்டு காசு என மூன்று வகை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

சாட்சி உண்மையானது. அதிலிருந்து எடுத்த முடிவுதான் பாதி சரி, பாதி தவறு. ஆங்கிலத்தில் கேஷ் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தும் ஒலிப்பும் ஒன்று, பிறப்பு வேறு. ஒன்று நம்முடையது, மற்றொன்று நம்முடையதல்ல. அவை இரண்டும் எப்படி ஒரே உருவம் எடுத்தன என்பது, நாம் சொல்லிவந்த பெருமையைவிடப் பெரிய கதை.

முதலில் இந்த ஊரின் கணக்கு. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா. அங்கே செல்லும் ரூபாய்க்கு இங்கே 28½ சக்கரம். 192 பையாகப் பிரிந்த பிரிட்டிஷ் ரூபாய் இங்கே 456 காசாகப் பிரிந்தது. நம் ஒரு காசு அவர்களின் பழைய அரைப் பைக்கும் குறைவு. திருநெல்வேலிச் சந்தைக்கு வண்டி கட்டிப் போய்த் திரும்பிய வியாபாரி ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கணக்கையும் மனத்தில் போட்டாக வேண்டும்.

சக்கரம் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளி நாணயம். மிளகைவிடச் சற்றே பெரியது, விரலிடுக்கில் நழுவிவிடும். ஆயிரக்கணக்கில் வந்து குவியும் இதை எண்ணுவதற்கென்றே சக்கரப் பலகை என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். மரப்பலகையில் வரிசையாகச் சிறு குழிகள். குழிக்கு ஒரு சக்கரம்தான் அமரும். நாணயத்தை அள்ளிப் பலகைமேல் கொட்டிக் குலுக்கி, மிஞ்சியதைக் கையால் தள்ளிவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. அதைச் செய்தவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. வரி வாங்கும் இடத்தில் மணிக்கணக்கில் குனிந்து எண்ணிய யாரோ ஒருவரின் கழுத்துவலிதான் அந்தப் பலகையைச் செய்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 20-ஆம் நூற்றாண்டில் சக்கரமும் செம்பாகிப் பெரிதானது. கொல்லம் ஆண்டு 1114 பொறித்த ஒரு சக்கர நாணயத்தில் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் உருவம் இருக்கிறது. நாணயம் போனபின்னும் சொல் போகவில்லை. ‘கையில சக்கரம் இல்ல’ என்று பணத்தைச் சொல்லும் வழக்கு குமரியிலும் நெய்யாற்றின்கரைப் பக்கத்திலும் பெரியவர்களிடம் உண்டு.

காசு சக்கரத்தைவிட மிக மூத்தது. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி வைக்கிறார். கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. அது அவருக்கு, பொற்கொல்லர் புது நூல் கோக்கத் தம் கூரிய நகத்தில் பிடித்திருக்கும் பொற்காசு போலத் தெரிகிறது. அங்கே காசு அணிகலனில் கோக்கும் மணி. இன்று நகைக்கடையில் காசுமாலை வாங்குகிறவர் ஈராயிரம் ஆண்டு வழக்கைத்தான் கழுத்தில் போட்டுக்கொள்கிறார். யாப்பு படித்தவர்களுக்கு இன்னொரு காசும் தெரியும். வெண்பாவின் ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும். குறள் எழுத வேண்டுமானாலும் காசைக் கடந்துதான் போக வேண்டும்.

கடையில் கொடுக்கும் நாணயமாகக் காசு என்ன பாடு பட்டது என்பதற்குத் திருவீழிமிழலைக் கதை போதும். பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு உணவளிக்க இறைவன் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியாக வைத்தாராம். சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர்கள் வட்டம் பிடித்துத்தான் மாற்றினார்கள். அந்தக் குறைவுக்கு ‘வாசி’ என்று பெயர். அந்த வாசி தீர வேண்டும் என்று சம்பந்தர் பதிகமே பாடினார். நாணயத்தின் தரத்தைக் கடவுளிடமே முறையிட்ட இலக்கியம் வேறு எங்கும் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தவரை தேடிப்பார்க்கிறேன், அகப்படவில்லை. ராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு பெரிய மதிப்பு. 12 அக்கம் சேர்ந்தால் ஒரு காசு.

நம் பகுதியில் நிலைமை வேறாக இருந்தது. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கி.பி. 849-ஐச் சேர்ந்தது, வரிகளைக் காசில் அல்ல, காணம் என்ற அலகில் சொல்கிறது. ஏணிக்காணம், தளைக்காணம் என்று மரமேறுவோரின் ஏணிக்கும் கால்தளைக்கும் விதித்த வரிகள் அதில் வருகின்றன. காசு இந்தச் சீமையில் பின்னாளில் வேரூன்றி, கடைசியில் எல்லா நாணயங்களிலும் மிகச் சிறியதாக நின்றது. சோழநாட்டில் உயர்ந்த மதிப்பாக இருந்த சொல் திருவிதாங்கூரில் ரூபாயின் 448-இல் ஒரு பங்கு. இந்த இறக்கத்தால்தான் அது உலகம் சுற்றியது என்பேன். பெரிய நாணயம் வணிகரிடம் தங்கிவிடும். சில்லறை எல்லார் கையிலும் புழங்கும். அந்நியன் காதில் முதலில் விழுவது அதன் பெயர்தான்.

போர்த்துகீசியர் காதில் அப்படித்தான் விழுந்தது. 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கியவர்கள், கொஞ்ச நாளில் கொல்லத்தில் மிளகுக்குப் பண்டகசாலை போட்டார்கள். நம்மவர் வாயில் கேட்ட காசு அவர்கள் ஏட்டில் ‘காய்ஷா’ ஆயிற்று. தமிழ் வடிவிலிருந்து நேராகவோ, கொங்கணி வழியாகவோ அது போயிருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இங்கேதான் முடிச்சு விழுகிறது. காய்ஷா என்ற சொல் அவர்கள் மொழியில் முன்பே இருந்தது. அதன் பொருள் பெட்டி. லத்தீனில் பெட்டிக்குப் பெயர் ‘காப்சா’. அதிலிருந்து இத்தாலியில் ‘காஸா’, பிரெஞ்சில் ‘கேஸ்’, போர்த்துகீசில் காய்ஷா. தெரியாத ஓசையைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழியும் செய்வது. நம் காசு ஒரு பெட்டியின் பெயரை உடுத்திக்கொண்டு கப்பல் ஏறியது.

அப்படிக் கிழக்கே போன போர்த்துகீசியர், மலாக்காவிலும் ஜாவாவிலும் சீனத்திலும் கண்ட சில்லறைக்கெல்லாம் அதே பெயரை வைத்தார்கள். அங்கே புழங்கியது நடுவில் துளையிட்ட சீனச் செப்புக்காசு. நூலில் கோத்து ஆயிரம் ஆயிரமாகத் தூக்கிச் செல்வார்கள். சீனர் தம் நாணயத்தைத் தம் மொழியில் வேறு பெயரால் அழைத்தார்கள். ஐரோப்பியருக்கு மட்டும் அது காய்ஷா. பின்னால் வந்த ஆங்கிலேயர் அதைக் கேஷ் என்றார்கள். இன்றும் உலகின் எந்த நாணயக் காட்சிச்சாலையிலும் சதுரத் துளையுள்ள சீன நாணயத்தின் ஆங்கிலப் பெயர் ‘சைனீஸ் கேஷ்’தான். குறுந்தொகைக் கிளியின் அலகில் இருந்த சொல் பெய்ஜிங் வரை போய் உட்கார்ந்திருக்கிறது.

இனி 1598-ஆம் ஆண்டுக்கு வருவோம். யான் ஹய்கன் வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் 1583-ல் கோவாவுக்கு வந்து, அங்கே பேராயரிடம் செயலாளராக இருந்தவர். ஊர் திரும்பியபின் தம் பயண நூலை 1596-ல் வெளியிட்டார். இரண்டே ஆண்டில், 1598-ல், அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வந்தது. அதில் சுந்தா நாட்டைப் பற்றிய பகுதியில், அங்கே காய்ஷா என்ற செப்பு நாணயம் தவிர வேறு பணம் இல்லை என்றும், நடுவில் துளையிருக்கும், நூலில் கோப்பார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அளவு எவ்வளவு? தம் நாட்டு வாசகருக்குப் புரிய வேண்டுமே. டச்சு நாட்டு ‘துய்ட்’ அளவு இருக்கும் என்கிறார். அந்தத் துய்ட்தான் பின்னாளில் நம் வாயில் துட்டு ஆனது. தமிழர் கொடுத்த காசும் தமிழர் வாங்கிய துட்டும் 1598-ல் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இந்த வரியைப் படித்த நாளிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அதே 1598. அதே லண்டன். ஜான் ஃபுளோரியோ என்ற அறிஞர் இத்தாலி-ஆங்கில அகராதி ஒன்றை வெளியிடுகிறார். அதில் ‘காஸா’ என்ற இத்தாலியச் சொல்லுக்குப் பொருள் தரும்போது, பெட்டி என்பதோடு வணிகரின் ‘கேஷ்’ என்றும் எழுதுகிறார். இது மற்ற கேஷ். வணிகர் பணம் வைக்கும் பெட்டிக்கு ஆங்கிலத்தில் அப்போதுதான் வழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த பெயர். காசாளரைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற சொல்லும் இந்தப் பெட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. போகப்போகப் பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. நமக்கு இது புதிதல்ல. கடையில் ‘இன்னைக்குக் கல்லா எப்படி?’ என்று கேட்டால் யாரும் பெட்டியின் நலத்தைச் சொல்வதில்லை, விற்ற பணத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஆக வங்கிப் பலகையில் இருக்கும் கேஷ் லத்தீன் பெட்டியிலிருந்து வந்தது. திருவிதாங்கூர்ச் செம்பில் இருந்த கேஷ் தமிழ், மலையாளக் காசு. இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது நானல்ல. 1886-ல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில், நாணயப் பெயராகிய கேஷைத் தமிழ்க் காசோடும் சிங்களக் ‘காசி’யோடும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவர் ஆர்தர் கோக் பர்னல், தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் செய்தவர். வடமொழியில் ‘கர்ஷம்’ என்ற எடைப் பெயர் இதற்கு மூலம் என்பதும் அவர்கள் கருத்து. திராவிட மொழிகளுக்குள்ளேயே பிறந்த சொல் என்பாரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சென்னையில் கும்பினியாரின் கணக்கில் இரண்டு கேஷும் ஒரே மேசையில் இருந்தன. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். வராகனுக்கு 3,360 காசு. 1818-ல் ரூபாய் நிலைபெறும் வரை இந்தக் கணக்குதான். 1803-ல் இங்கிலாந்திலேயே அடித்துக் கொண்டுவந்த செப்பு நாணயங்களில் ரோமன் எண்ணில் 20 என்றும் அருகே கேஷ் என்றும் போட்டார்கள். 1808-ல் அடித்த 10, 20 காசு நாணயங்களைச் சுமந்துகொண்டு ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல் சென்னைக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரிப் புயலில் இங்கிலாந்தின் தென்கிழக்கே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. அதில் 48 டன் காசு. 1980-களில் மூழ்காளர்கள் அதை மேலே கொண்டுவந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல். சென்னைக் கடைத்தெருவில் கீரைக்கும் உப்புக்கும் கைமாறியிருக்க வேண்டியவை, இன்று நாணயம் சேர்ப்போர் பெட்டிகளில் இருக்கின்றன.

மற்றவர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். தரங்கம்பாடி டேனியர் தங்கள் அரசரின் பெயரெழுத்தோடு ‘காஸ்’ அடித்தார்கள். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராச உடையார் நாணயத்திலும் கேஷ் உண்டு. புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு; 20 சேர்ந்தால் ஓரணா.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1818-லேயே கணக்கிலிருந்து இறங்கிய சொல், புதுக்கோட்டையையும் திருவிதாங்கூரையும் போன்ற சமஸ்தானங்களில் மேலும் நூறாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. உதியன்குளங்கரையில் இது நாணயத்தோடு நிற்கவில்லை. திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் இருந்தது. 1888-ல் முதல் தபால்தலைகள் வந்தன, சக்கரக் கணக்கில். 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியானது. அதைக் கொண்டாட 1937-ல் வந்த தபால்தலைகளின் மதிப்பு 6 காசு, 12 காசு, 1½ சக்கரம், 3 சக்கரம். நூற்றாண்டுகளாகக் கோயில் வாசலில் தடுக்கப்பட்ட மக்களுக்குக் கதவு திறந்த செய்தியைச் சுமந்தது இந்த மிகச் சிறிய நாணயத்தின் பெயர். தலைக்கும் தளைக்கும் வரி எழுதிய காணத்தின் நாட்டில், காசுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது எனக்கு நிறைவாக இருக்கிறது.

முடிவு வேகமாக வந்தது. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. இருப்பில் இருந்த 6 காசுத் தலைமேல் ‘2 பை’ என்றும், 8 காசுத் தலைமேல் ‘4 பை’ என்றும், ஒரு சக்கரத் தலைமேல் ‘அரை அணா’ என்றும் கறுப்பு மையில் அச்சடித்து விற்றார்கள். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை களியக்காவிளையில் விழுந்தது. ஐந்து மாதம் கழித்து, 1957 ஏப்ரல் 1-ல், இரு பக்கத்துக்கும் பொதுவாக நயா பைசா வந்தது.

நம் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். கேஷ் என்ற சொல்லைக் கண்ட இடமெல்லாம் நம்முடையது என்று பட்டா போட வேண்டாம். ஒரு பொய்யான உரிமை கோரினால், அதைத் தட்டுகிறவர் உண்மையான உரிமையையும் சேர்த்துத் தட்டிவிடுவார். சீனத்தின் துளைக்காசுக்குப் பெயர் கொடுத்தது, குட்வின் திட்டில் மூழ்கிய செம்பில் இருந்தது, திருவிதாங்கூர்ச் சங்கின் பக்கத்தில் நின்றது நம் காசு. அதற்கு அச்சிட்ட சான்று 1598-லிருந்து இருக்கிறது.

எல்லையின் இரு பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலோ அரிசிப்பானை அடியிலோ சங்கு போட்ட செம்புக்காசு இருந்தால், பழைய செம்பு விலைக்குப் போட்டுவிடாதீர்கள். பரணில் குழி குழியாக ஒரு மரப்பலகை கிடந்தால், சக்கரப் பலகையா என்று பெரியவர்களிடம் காட்டிக் கேளுங்கள். எந்தப் பொருள் எத்தனை காசு, எத்தனை சக்கரம் என்று வாங்கிய நினைவு அவர்களிடம் இருந்தால், அதைத் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த விலைப்பட்டியல் எந்த ஆவணக் காப்பகத்திலும் முழுமையாக இல்லை.

அடுத்த இதழில்: மணி கட்டிய கோலோடு இந்தச் சாலையில் தபால் சுமந்து ஓடிய திருவிதாங்கூர் அஞ்சல் ஓட்டக்காரர்கள்.